பட்டியலில் ஆறு போர்ட், எடை வருவது ஒன்றில்

மூன்று சனிக்கிழமையாக ரைஸ் மில்லிலிருந்து போன் வரவில்லை. வேலை நிலைத்துவிட்டது என்று நம்பி இதை எழுதுகிறேன்.

வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையில், கணியம்பாடி தாண்டி இருக்கிறது அந்த மில். வாசலில் 50 டன் எடைமேடை. ஆபீஸ் அறையில் சிவப்பு எண்கள் ஓடும் இண்டிகேட்டர், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு சீரியல் கேபிள். நெல் ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறி நின்றதும் எடை தானாகவே பில் மென்பொருளில் வந்து விழ வேண்டும். கையால் அடிக்க விடமாட்டார் முதலாளி. அதில்தான் சண்டை வரும் என்பார். அவர் சொல்வது சரிதான்.

பழைய கம்ப்யூட்டரின் முதுகிலேயே ஒன்பது பின் சாக்கெட் இருந்தது. மென்பொருளில் காம் 1 (சீரியல் போர்ட்டுக்கு, அதாவது இணைப்பு வாசலுக்கு, விண்டோஸ் வைக்கும் பெயர்) என்று ஒருமுறை போட்டதோடு சரி, வருஷக்கணக்கில் யாரும் தொடவில்லை. அதன் மதர்போர்டு போன பிறகு, செகண்ட்ஹேண்டில் ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அதில் சீரியல் சாக்கெட் இல்லை. 350 ரூபாய்க்கு இரண்டு யு.எஸ்.பி-சீரியல் கேபிள் வாங்கினேன். ஒன்று இண்டிகேட்டருக்கு, இன்னொன்று, டிரைவர்கள் பார்ப்பதற்காக வெளியே மாட்டியிருக்கும் பெரிய டிஸ்ப்ளே போர்டுக்கு. அன்றைக்கு எல்லாம் ஓடியது.

நவரைப் பட்ட நெல் அறுவடை நேரம். சனிக்கிழமை காலை ஏழரைக்குப் போன். "இன்னா தம்பி, போன வாரம்தான் பார்த்துட்டுப் போனே. மறுபடியும் எடை வரலியே. வாசல்ல எட்டு வண்டி நிக்குது." சத்துவாச்சாரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய், மென்பொருளில் காம் 6 என்று இருந்ததை காம் 8 ஆக்கிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை காம் 11. அதற்கடுத்து காம் 14.

எல்லாம் சனிக்கிழமை என்பது நான்காவது தடவைதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜைக்கு முன்னால் ஆபீஸ் அறையைத் துடைக்கிறார்கள். மில்லில் தவிட்டுத் தூசு ஒரே வாரத்தில் விரலால் பேர் எழுதும் அளவுக்குப் படியும். சீட்டு போடும் அக்கா கம்ப்யூட்டரை நகர்த்தி, கேபிள்களைக் கழற்றித் துடைத்து, எந்த ஓட்டை கைக்கு வாகாக இருக்கிறதோ அதில் திரும்பச் செருகிவிடுகிறார். அவர் மேல் தப்பில்லை. யு.எஸ்.பி ஓட்டைகளில் எது எது என்று யார் எழுதி வைத்தார்கள்?

அந்தக் கேபிள்களின் உள்ளே இருப்பது சி.எச்.340 சிப். அதற்குத் தனி வரிசை எண் கிடையாது. அதனால் விண்டோஸ் கேபிளை அடையாளம் வைக்காமல், செருகிய ஓட்டையைத்தான் அடையாளம் வைக்கிறது. அதே ஓட்டையில் செருகினால் அதே காம் எண். வேறு ஓட்டையில் செருகினால் புது எண். பழைய எண்ணையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியே ஏறி ஏறி, ஐந்தாவது சனிக்கிழமை காம் 17 ஆகிவிட்டது. பில் மென்பொருளின் பட்டியலில் 1 முதல் 16 வரைதான் இருந்தது. அன்றைக்குக் கையால்தான் எடை அடித்தார்கள்.

முதல் வேலையாக அந்தப் பழைய எண்களை விடுவித்தேன். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால், இப்போது செருகாத போர்ட்டுகள் மங்கலாகத் தெரியும். ஒவ்வொன்றாக நீக்கினேன், மொத்தம் ஒன்பது. பிறகு கேபிளைச் செருகினால் மறுபடி காம் 6. ஆனால் இது வெள்ளிக்கிழமை வரை தாங்கும் வைத்தியம். ஓட்டையில் நெயில் பாலிஷ் வைத்துக் குறி போடலாமா என்றுகூட நினைத்தேன். ஆள் மாறினால் அதுவும் போச்சு. எந்த ஓட்டையில் செருகினாலும் மென்பொருளே இண்டிகேட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பில் மென்பொருளின் மூலநிரல் என்னிடம் இல்லை. ஆனால் அது போர்ட் எண்ணை ஐ.என்.ஐ என்ற அமைப்புக் கோப்பில்தான் வைத்திருக்கிறது. நோட்பேடில் திறந்தால் தெரிந்தது. அப்படியானால் வழி சுலபம். பைத்தானில் ஒரு சின்ன நிரல் போர்ட்டைக் கண்டுபிடித்து, அந்தக் கோப்பில் எண்ணை எழுதிவிட்டு, பிறகு பில் மென்பொருளைத் திறக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான் என் நிரலைத் திறக்கும்படி மாற்றிவிட்டால் அக்காவுக்கு எந்த மாற்றமும் தெரியாது.

போர்ட்டைக் கண்டுபிடிக்க நான் முதலில் போன வழி முரட்டு வழி. காம் 1-லிருந்து காம் 256 வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார். திறந்தால் இருக்கிறது, திறக்காவிட்டால் இல்லை. (நேரடியாக விண்டோஸ் அழைப்பில் எழுதுகிறவர்கள் கவனிக்க: காம் 10-லிருந்து மேலே வெறும் பெயரைக் கொடுத்தால் திறக்காது. பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்வுக்கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு பின்சாய்வுக்கோடு சேர்க்க வேண்டும். பைத்தானில் சீரியல் வேலைக்கு இருக்கும் பைசீரியல் நூலகம் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.) வீட்டு மேசையில் நன்றாக ஓடியது. மில்லில் ஓட்டினால் 47 விநாடி. நடுவில் ஓரிடத்தில் செத்துப்போன மாதிரி நின்றுவிட்டது.

நின்ற இடம் காம் 5. முதலாளி ஒரு ப்ளூடூத் பிரிண்டரை அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார். ப்ளூடூத் பிரிண்டர் இணைந்தால் விண்டோஸ் அதற்குப் பொய்யாகச் சில காம் போர்ட்டுகளை உருவாக்கும், உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று. வெளியே போகும் போர்ட்டைத் திறந்தால் அது வானொலி அலையில் அந்தப் பிரிண்டரைத் தேட ஆரம்பிக்கிறது. பிரிண்டர் முதலாளி வீட்டில் அலமாரியில் இருக்கிறது. தேடித் தேடிக் களைத்து, கடைசியில் 121 என்ற பிழை எண்ணைக் கொடுக்கிறது.

இன்னொரு தப்பும் அதில் இருந்தது. பில் மென்பொருள் திறந்திருக்கும்போது என் நிரலை ஓட்டினால் "தராசு இல்லை" என்று சொன்னது. தராசு அங்கேதான் இருக்கிறது. பில் மென்பொருள் அந்தப் போர்ட்டைப் பிடித்திருப்பதால் எனக்குத் திறக்கவில்லை. நான் எல்லாப் பிழையையும் ஒரே பையில் போட்டிருந்தேன். பிழை 2 என்றால் அப்படி ஒரு போர்ட்டே இல்லை. பிழை 5 என்றால் போர்ட் இருக்கிறது, வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். முதலாவதற்கு "கேபிளைப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும், இரண்டாவதற்கு "ஏற்கனவே திறந்திருக்கிறது, திரையின் கீழே பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் அவர் மேசைக்கு அடியில் குனிய வேண்டும், இன்னொன்றில் வேண்டாம்.

வீட்டில் லினக்ஸ் லேப்டாப்பிலும் இதை ஓட்டிப் பார்த்தேன். அங்கே வேறு விதம். சாதனங்களின் பெயர்கள் இருக்கும் டெவ் அடைவில், டி.டி.ஒய்.எஸ் 0 முதல் 31 வரை 32 சீரியல் போர்ட் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. லேப்டாப்பில் ஒரு சீரியல் சாக்கெட்கூடக் கிடையாது. திறக்கப் போனால் உள்ளீடு/வெளியீட்டுப் பிழை, அதன் எண்ணும் 5. விண்டோஸில் 5 என்றால் "இருக்கிறது, வேறு ஆள் வைத்திருக்கிறான்"; லினக்ஸில் இந்த 5 "பெயர் மட்டும்தான், பின்னால் ஒன்றுமில்லை". ஒரு சாயங்காலம் முழுக்க இந்த ஒரு எண்ணில் குழம்பினேன். லினக்ஸில் சீரியல் அடைவுக்குள் பை-ஐடி என்று ஒரு பகுதி இருக்கிறது, செருகியிருக்கும் யு.எஸ்.பி கேபிள்கள் மட்டும் அவற்றின் பெயரோடு அதில் இருக்கும். மில்லில் விண்டோஸ்தான் என்பதால் அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்து, திறந்து பார்ப்பதை விட்டு, விண்டோஸிடமே பட்டியல் கேட்டேன். விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஹார்ட்வேர், அதற்குள் டிவைஸ்மேப், அதற்குள் சீரியல்காம் என்ற இடத்தில், இந்த நிமிடம் உயிரோடு இருக்கும் போர்ட்டுகள் மட்டும் இருக்கும். பைசீரியலில் போர்ட் பட்டியல் தரும் பகுதி இன்னும் நல்லது. போர்ட்டின் பெயரோடு, யு.எஸ்.பி என்றால் தயாரிப்பாளர் எண், பொருள் எண், வரிசை எண் எல்லாம் தருகிறது. மில் கம்ப்யூட்டரில் வந்த பட்டியலை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

காம் 1, சாதாரண சீரியல் போர்ட். காம் 3, இன்டெல் என்று பெயர். காம் 4-ம் 5-ம் ப்ளூடூத். காம் 6-ம் 7-ம் சி.எச்.340, இரண்டுக்கும் தயாரிப்பாளர் எண் 1ஏ86, பொருள் எண் 7523, வரிசை எண் காலி.

இதில் காம் 1 என்னைக் கொஞ்சம் அலைக்கழித்தது. பின்னால் சாக்கெட்டே இல்லை, ஆனால் பட்டியலில் இருக்கிறது, கேட்டால் அழகாகத் திறக்கிறது. பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். மதர்போர்டின் ஓரத்தில் காம் என்று அச்சடித்த ஒன்பது ஊசிகள் மொட்டையாக நின்றன. சிப் உண்டு, ஊசி உண்டு, வெளியே வர ஒயர் இல்லை. காம் 3 ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் வரும் சங்கதி: நெட்வொர்க் வழியாகத் தூரத்திலிருந்து நிர்வகிப்பதற்காக வைத்த போலி சீரியல் போர்ட். அதுவும் திறக்கிறது. அதில் எதையும் செருக முடியாது.

ஆக, ஆறும் "இருக்கிறது". ப்ளூடூத்தைக் கழித்தால் நான்கும் "திறக்கிறது". எனக்கு வேண்டியது ஒன்று. ப்ளூடூத்தைத் திறக்காமலேயே ஒதுக்கலாம். வன்பொருள் அடையாளம் பி.டி.எச்.இ.என்.யு.எம் என்ற எழுத்துகளில் தொடங்கினால் ப்ளூடூத், விட்டுவிடு. காம் 1, 3 இரண்டுக்கும் யு.எஸ்.பி எண் இல்லை. மிச்சம் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு சி.எச்.340. எது தராசு, எது டிஸ்ப்ளே என்று சிப்பின் எண்ணை வைத்துச் சொல்ல வழியே இல்லை.

இங்கே ஒரு தப்பு செய்தேன், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு எழுத்தை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கலாம் என்று எழுதினேன். அனுப்பிய எழுத்து டிஸ்ப்ளே போர்டுக்குப் போய், மேடையில் நின்ற வண்டியின் எடை இருந்த இடத்தில் அர்த்தமில்லாத எண்கள் வந்தன. டிரைவர் இறங்கி வந்துவிட்டார். நெல் கொண்டுவந்த பெரியவரும் பின்னாலேயே வந்தார். "இதுதான் என் நெல்லோட எடையா?" என்று கேட்டார். முதலாளி இண்டிகேட்டரைக் காட்டி, வண்டியை இறக்கி மறுபடி ஏற்றிக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். ஐந்து மாசம் பாடுபட்டு விளைவித்தவர் அவர். அந்தக் கேள்வியை அவர் கேட்கும் நிலைமையை நான் உண்டாக்கியிருக்கக் கூடாது. மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாத போர்ட்டில் எதையும் அனுப்பக் கூடாது. யு.பி.எஸ்-ஸை சீரியலில் மாட்டியிருக்கும் இடங்கள் உண்டு. தெரியாமல் அனுப்பும் ஒரு எழுத்து அதை அணைத்துவிடலாம்.

அதற்கப்புறம் நிரல் எதையும் அனுப்புவதில்லை. காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். இந்த இண்டிகேட்டர் கேட்காமலேயே எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும் ரகம். மேடை காலியாக இருந்தாலும் பூஜ்யத்தை அனுப்பும். பாட் ரேட் (போர்ட்டில் தகவல் ஓடும் வேகம்) 2400-இல் போர்ட்டைத் திறந்து வருவதை எண் வடிவில் அச்சிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பத்து பைட்: தொடக்கக் குறியாக 02, ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி, ஆறு இலக்கம், வரி முடிவுக்கு இரண்டு. விநாடிக்கு எட்டுத் தடவை. இரண்டு விநாடி கேட்டால் 160 பைட்டுக்கு ஒன்றிரண்டு கூடக் குறைய வருகிறது.

அடையாளம் கண்டுகொள்ள மூன்று சோதனை வைத்தேன். வடிவம் சரியாக இருக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து தடவை அப்படி வர வேண்டும். கடைசி இலக்கம் பூஜ்யமாக இருக்க வேண்டும். மூன்றாவது இந்த மேடைக்கே உரியது. இது 10 கிலோ 10 கிலோவாகத்தான் நகரும். ஐந்தில் முடியும் எடை இதில் வரவே வராது. குப்பை பைட்டுகள் தற்செயலாக எடை மாதிரி தெரிவதை இந்த ஒரு சோதனையே தடுத்துவிடுகிறது.

பாட் ரேட்டை யாராவது இண்டிகேட்டரில் மாற்றிவிட்டால்? அதற்கும் இடம் வைத்தேன். 2400, பிறகு 9600, 4800, 1200. ப்ளூடூத் தவிர்த்த நான்கு போர்ட், நான்கு வேகம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி என்றால் 32 விநாடி. வாசலில் வண்டி நிற்கும்போது இது ரொம்ப நேரம். யோசித்துப் பார்த்தால், வேகம் தப்பாக இருந்தாலும் ஏதாவது குப்பை வரத்தான் செய்யும். ஒரு பைட்கூட வராத போர்ட் எந்த வேகத்திலும் மௌனம்தான். ஆகவே முதல் இரண்டு விநாடியில் ஒன்றுமே வராவிட்டால் மற்ற வேகங்களைப் பார்க்காமல் அடுத்த போர்ட்டுக்குப் போய்விடுகிறது. போன தடவை கிடைத்த போர்ட்டை முதலில் கேட்கிறது. இப்போது சாதாரண நாளில் 3 விநாடிக்குள் முடிகிறது; மோசமான நாளிலும் 14-ஐத் தாண்டவில்லை.

எல்லாம் சரி என்று மில்லில் ஓட்டினேன். என் நிரல் போர்ட்டைச் சரியாகக் கண்டுபிடித்தது, பில் மென்பொருள் "போர்ட் கிடைக்கவில்லை" என்றது. பத்து நிமிஷம் முழித்தேன். போர்ட்டை வைத்திருந்தது நானேதான். கேட்டு முடித்தபின் மூடவில்லை. மூடிவிட்டு அரை விநாடி பொறுத்து மென்பொருளைத் திறக்கும்படி மாற்றியதும் ஓடியது.

மறு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, அக்கா கேபிள்களை முன்பக்க ஓட்டைகளில் மாற்றிச் செருகியிருந்தார். சனிக்கிழமை நான் போன் செய்து கேட்டேன். "வந்துச்சே தம்பி, எப்பவும் போல" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, நிரல் புதிதாக ஒன்று சொன்னது: "கேபிள் செருகியிருக்கிறது, போர்ட் திறக்கிறது, எடை வரவில்லை." அக்கா அதை அப்படியே போனில் படித்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பிழைகளைப் பிரித்து எழுதினேன். கம்ப்யூட்டர் பக்கம் பார்க்க வேண்டியதில்லை என்று தெரிந்ததால் மல்டிமீட்டரையும் சால்டரிங் அயர்னையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் யு.எஸ்.பி கேபிளைச் சோதித்தேன். அதன் ஒன்பது பின் முனையில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, மூன்று எழுத்து அனுப்பினால் அதே மூன்று எழுத்து திரும்பி வந்தது. மறுமுனையில் என் ஒயரைத் தவிர எதுவும் இல்லாததால் இங்கே அனுப்பலாம். கேபிள் நல்லது. அடுத்து இண்டிகேட்டரிலிருந்து வரும் கேபிளின் முனையில் கறுப்பு முனையை 5-லும் சிவப்பை 2-லும் வைத்தேன். நல்ல நாளில் அங்கே மைனஸ் 6-க்கும் மைனஸ் 8-க்கும் நடுவில் வோல்ட் ஆடிக்கொண்டிருக்கும். இப்போது 0.02. இண்டிகேட்டரின் சாக்கெட்டிலேயே நேராக வைத்தால் மைனஸ் 7, ஆடுகிறது. இண்டிகேட்டர் பேசுகிறது, வழியில் பேச்சு அறுந்திருக்கிறது.

சுவரோரமாக மூட்டைகளை நகர்த்தியதும் தெரிந்தது. எலி. மேல் உறை இரண்டு விரல் நீளத்துக்கு உரிந்து, உள்ளே வெள்ளை ஒயர் முழுசாக அறுந்திருந்தது. மீதி இரண்டில் பல் தடம். அரிசி இருக்கும் இடத்தில் கேபிளைத் தரையோரம் விட்டது தப்பு. ஒட்டுப்போட மனம் வரவில்லை. மூன்று கோர் ஷீல்டு கேபிள் 12 மீட்டர் 340 ரூபாய், இரண்டு கனெக்டர் 50, பி.வி.சி பைப்பும் கிளாம்பும் 210. சுவரில் ஆறடி உயரத்தில் பைப்பை ஓட்டி அதற்குள் இழுத்தேன். மதியம் இரண்டு மணிக்கு, வேலூர் வெயிலில் மேடையின் இரும்புத் தகடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. முதல் வண்டி 8,640 கிலோ. இண்டிகேட்டரிலும் கம்ப்யூட்டரிலும் வெளிப் போர்டிலும் அதே எண். அக்கா சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மறுபடி செய்வதானால் இரண்டு விஷயத்தை மாற்றுவேன். தராசுக்கு, வரிசை எண் உள்ள எஃப்.டி.டி.ஐ சிப் கேபிளை முதலிலேயே வாங்கியிருப்பேன். 1,250 ரூபாய் ஆகும். எந்த ஓட்டையில் செருகினாலும் அதே காம் எண் நிற்கும். நான்கு தடவை போய்வந்த பெட்ரோலையும் நேரத்தையும் கணக்குப் பார்த்தால் அது மலிவு. கேட்டு அடையாளம் காணும் சோதனையை அப்போதும் வைத்திருப்பேன், எலிக்கு வரிசை எண் தெரியாது.

இன்னொன்று டிஸ்ப்ளே போர்டு. அது பேசாத சாதனம், கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. இப்போதைக்கு, தராசு கிடைத்தபின் மிச்சமிருக்கும் ஒரே சி.எச்.340 எதுவோ அதுதான் டிஸ்ப்ளே என்று எழுதியிருக்கிறேன். யாராவது மூன்றாவதாக ஒரு கேபிளைச் செருகினால் இது உடையும். தராசுக்கு எஃப்.டி.டி.ஐ கேபிள் ஒன்றுக்கு முதலாளியிடம் சொல்லிப் பணம் வாங்கியாகிவிட்டது. அது வந்துவிட்டால் இரண்டும் வேறு வேறு சிப் ஆகிவிடும். வியாழக்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை அக்கா துடைத்து முடித்த பிறகு போய் மாட்ட வேண்டும்.